மாவு பொங்கும் உயரம்: கிரிவலப் பாதையில் காலை இட்லி வழங்கும் சிறு குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், பௌர்ணமி இரவெல்லாம் மலையைச் சுற்றி வரும் அடியார்களுக்கும், கார்த்திகை தீபத்தன்று திரளும் மக்களுக்கும் விடியற்காலையில் இட்லி வழங்கும் குழுவினருக்கு எழுதப்படுவது இம்மடல்.

நிலையான சமையற்கூடமும், பழகிய சமையற்காரர்களும், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பாத்திரங்களும் உடைய ஆசிரமங்களையும் பெரிய அறக்கட்டளைகளையும் நோக்கி இம்மடல் எழுதப்படவில்லை. செங்கம் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் வாடகை வீட்டின் பின்கட்டிலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ பத்துப் பேர் கூடி மாவரைத்து, 200 முதல் 500 பேருக்கு உணவளிக்கும் சிறு குழுக்களே இதன் வாசகர்கள். இக்குழுக்கள் கேட்கும் கேள்விகளில் முதலாவதும், பெரும்பாலும் தவறாக விடை பெறுவதும், எந்தப் பாத்திரத்தை எந்த அளவில் வாங்குவது என்பதுதான். சாப்பிட வருவோரின் தலைக்கணக்கை வைத்தே இவ்விடை தேடப்படுகிறது என்பதில்தான் பிழை தொடங்குகிறது. பாத்திரத்தின் கொள்ளளவை முடிவு செய்ய வேண்டியது அதற்குள் இருக்கும் பொருள் எட்டும் உச்ச அளவு. பாத்திரங்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியவை அடுப்பின் வேகமும் தூக்குவோரின் கைவலுவும். தலைக்கணக்கு இவ்விரண்டுக்கும் அப்பால், எத்தனை கிலோ அரிசி என்பதைச் சொல்வதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

வாடகைப் பாத்திரக் கடையில் அண்டாவும் தேக்சாவும் படிக் கணக்கிலோ ஆள் கணக்கிலோ பேசப்படுகின்றன. படி என்பது ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவு. மெட்ரிக் முறை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாத்திரக் கடையிலிருந்து அது விடைபெறவில்லை. ஆள் கணக்கோ மதியச் சோற்றை மனத்தில் கொண்டு எழுந்தது; வெந்த சோறு பாத்திரத்தின் விளிம்பு வரை நின்றாலும் அங்கேயே நிற்கும். இட்லி மாவு அவ்வாறு நிற்பதில்லை. அரைத்து ஊற்றியபோது பாதிப் பாத்திரத்தில் அடங்கி இருந்த மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிவது, சோற்றுக் கணக்கில் பாத்திரம் எடுத்த குழுவினருக்கு ஒரு முறையாவது நேர்ந்திருக்கும்.

அளவு பற்றிய நல்ல பாடம் ஒன்று இவ்வூர் மலையுச்சியிலேயே இருக்கிறது. மகாதீபத்துக்கான நெய் ஆயிரக்கணக்கான கிலோவாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் தீபக் கொப்பரை ஏறத்தாழ ஓர் ஆள் உயரமே உடையது, அவ்வளவு நெய்யையும் ஒருசேரக் கொள்ளும் அளவில் அது வார்க்கப்படவில்லை. 11 நாட்கள் ஏற்றப்படும் தீபத்துக்கு நெய்யும் காடாத் துணித் திரியும் நாள்தோறும் சேர்க்கப்படுவதால், ஒரு பொழுதின் தேவையைத் தாங்கும் அளவு போதுமானதாகிறது. அத்துடன், ஆண்டுதோறும் கொப்பரையை 2,668 அடி உயரத்துக்குத் தோளில் சுமந்து ஏற்ற வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஒரு பொழுதுக்கு எவ்வளவு, சுமப்பவர் எத்தனை பேர் என்ற இவ்விரு கேள்விகளும் இட்லிக் குழுவினரின் அண்டாவுக்கும் அப்படியே பொருந்தும்.

தானியத்தை ஊறவைத்து, உடைத்து, நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துக் காத்திருக்கும் வேலை உலகில் பலரால் செய்யப்படுகிறது. ரமணாசிரமத்தைச் சுற்றித் தங்கும் வெளிநாட்டு அன்பர்களுள் சிலர் தத்தம் ஊரில் முளைகட்டிய பார்லியைக் கொண்டு வீட்டிலேயே பியர் காய்ச்சும் வழக்கத்தை அறிந்தவர்களாக இருக்கலாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு இடமளிக்கவில்லை. கோயில் நகரில் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் அவர்கள் கைக்கொள்ளும் ஓர் ஒழுங்கு கடன் வாங்கத்தக்கது. 19 லிட்டர் பானம் வேண்டுமென்றால் 30 லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தைத்தான் அவர்கள் அடுப்பில் ஏற்றுகிறார்கள்; கொதிக்கும்போது எழும் நுரைக்கும், தானியம் உறிஞ்சிக்கொள்ளும் நீருக்கும், ஆவியாகிப் போகும் பகுதிக்கும் முன்கூட்டியே கணக்கு எழுதி வைத்துவிடுகிறார்கள். இட்லிக்கும் அத்தகைய கணக்கு ஒன்று உண்டு. நம் வீடுகளில் அது தாளில் எழுதப்படாமல் கையோடு பழகிவிட்டதால், வீட்டு அளவைத் தாண்டியவுடன் தடுமாறுகிறது.

கணக்கின் அடிப்படை ஒரு கிலோ இட்லி அரிசி. அதற்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 250 கிராம் முழு வெள்ளை உளுந்து என்ற விகிதத்தைக் கொண்டால், ஊறும்போது உறிஞ்சப்படும் நீரும் அரைக்கும்போது சேர்க்கப்படும் நீருமாகச் சேர்ந்து ஏறத்தாழ 2¾ லிட்டர் மாவு கிடைக்கும். நடுத்தர அளவுக் குழியில் வார்த்தால் இது சுமார் 60 இட்லிக்குக் காணும். 300 பேருக்கு ஆளுக்கு நான்கு வீதம் 1,200 இட்லி வேண்டும் என்று கொண்டால், 20 கிலோ அரிசியும் 5 கிலோ உளுந்தும் தேவைப்பட, 55 லிட்டர் மாவு உருவாகிறது. இம்மடலின் எஞ்சிய பகுதி முழுவதும் இந்த 300 பேர்க் கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. வேறு எண்ணிக்கை உடையோர் விகிதப்படி கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். அரிசி பழையதா புதியதா, உளுந்து எந்த ஊர்ச் சரக்கு என்பவற்றைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கு முன்பின் ஆவது இயல்பே.

ஊறவைக்கும் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 கிலோ அரிசி ஊறிப் பருத்து, மேலே நான்கு விரல் நீர் நிற்க வேண்டுமானால் 50 லிட்டர் பாத்திரம் வேண்டும்; உளுந்து தன்னளவைப் போல் இரு மடங்குக்கும் மேலாகப் பருப்பதால் 5 கிலோவுக்கு 20 முதல் 25 லிட்டர் வேண்டும். இவை அடுப்பில் ஏறுபவை அல்ல என்பதால் தடித்த பாத்திரம் தேவையில்லை. உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் தொட்டிகூடப் போதும். பெயிண்ட் வந்த வாளியைக் கழுவிப் பயன்படுத்துவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

அரைவைக்கு வரும்போது அளவு பற்றிய குழப்பம் உச்சத்தை அடைகிறது. கோயம்புத்தூரில் 1955ஆம் ஆண்டு பி. சபாபதி என்பவரால் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படும் வெட் கிரைண்டர் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாக விளங்குகிறது. அதன் பெரிய வடிவமாகிய சாய்க்கும் கிரைண்டர் 5, 10, 20 லிட்டர் எனப் பல அளவுகளில் விற்கப்படுகிறது. இந்த லிட்டர் காய்ந்த அரிசியைக் குறிப்பதன்று. ஊறிய தானியமும் அரைபடும் மாவும் தொட்டியில் பிடிக்கும் இடத்தையே அது குறிக்கிறது. ஆகவே 10 லிட்டர் கிரைண்டரில் ஓர் ஈட்டுக்குக் காய்ந்த கணக்கில் சுமார் 5 கிலோ அரிசி போடலாம். உளுந்துக்கு இக்கணக்கு செல்லாது. உளுந்து அரைபடும்போது காற்றை உள்வாங்கிக் கொண்டு பந்துபோல் எழும். ஒரு கிலோ உளுந்து நன்றாக அரைபட்டால் நான்கு லிட்டருக்கு மேல் மாவு காணும். அதனால் அதே 10 லிட்டர் கிரைண்டரில் ஓர் ஈட்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் உளுந்து போட்டால், மாவு கல்லின் மேல் ஏறிச் சுழலுமே தவிர அரைபடாது. அரிசிக்கு வாங்கிய கிரைண்டரில் உளுந்து சரியாக எழவில்லை என்று உளுந்தைக் குறை கூறும் குழுவினர் இந்த ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 10 லிட்டர் கிரைண்டர் ஒன்று மட்டும் இருந்தால், அரிசிக்கு நான்கு ஈடும் உளுந்துக்கு மூன்று ஈடும் ஓட வேண்டும். அரிசிக்கு அரை மணியும் உளுந்துக்கு நாற்பது நிமிடமும், ஒவ்வோர் ஈட்டுக்கும் இடையே வழித்தெடுத்து மறுபடி போடப் பத்து நிமிடமும் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 20 லிட்டர் கிரைண்டரில் அரிசிக்கு இரண்டும் உளுந்துக்கு இரண்டுமாக மூன்று மணி நேரத்தில் வேலை முடியும். இந்த இரண்டு மணி நேர வேறுபாடு சித்திரை மாதத்தில் பொருட்படுத்தத் தக்கதன்று. கார்த்திகையில் அது முழுக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

மாவு புளிக்கும் நேரம் பருவத்தோடு மாறுவதே இதற்குக் காரணம். புளிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு செயல்கள்: நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குவது ஒன்று, கரியமில வாயுவை வெளியிட்டு மாவை எழச் செய்வது மற்றொன்று. இட்லி மாவில் இவ்வெழுச்சிக்கு முதன்மையான காரணம் லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா என்பதை 1965இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நிறுவியது. அது அரிசியோடும் உளுந்தோடும் தானே வந்து சேர்வதால் ஈஸ்ட் எதையும் தனியே இட வேண்டியதில்லை. வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பான பசையும் அதன் புரதமும் ஆகும். சுமார் 30 பாகை வெப்பத்தில் இவ்வேலை செவ்வனே நடைபெறும். சித்திரை, வைகாசி இரவுகளில் இவ்வூரில் சூடு தணியாமல் இருப்பதால் ஏழெட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். கார்த்திகையிலோ மழையும் மலைக்காற்றுமாக இரவு குளிர்ந்துவிட, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க நேரிடும். அதிகாலை நான்கு மணிக்கு முதல் ஈடு வேக வேண்டுமானால், கோடையில் மாலை ஏழு மணிக்கு அரைவை முடிந்தால் போதும். தீபக் காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். அதாவது, 10 லிட்டர் கிரைண்டரை வைத்திருப்போர் காலை எட்டரை மணிக்கே முதல் ஈட்டைப் போட வேண்டும், அரிசியை அதற்கும் நான்கு மணி நேரம் முன்னால் ஊறவைத்திருக்க வேண்டும். கிரைண்டரின் அளவைக் கார்த்திகையின் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வதே முறை. சித்திரையில் வாங்கிய கிரைண்டர் தீபத்தில் காலை வாருவது இதனால்தான்.

இனிப் புளிக்கவைக்கும் பாத்திரம். இம்மடலில் ஒன்றையே குழுவினர் கொள்வதாயின், இதைக் கொள்க: மாவு எழும்போது ஏறத்தாழ இரு மடங்காகும், எழுந்த பிறகும் மேலே ஒரு சாண் இல்லாவிடினும் நான்கு விரலாவது இடம் வேண்டும், ஆகவே ஊற்றும் மாவின் அளவைப் போல் இரண்டரை மடங்கு கொள்ளளவு வேண்டும். 55 லிட்டர் மாவுக்கு இது 140 லிட்டர் ஆகிறது. இந்த 140 லிட்டரை ஒரே அண்டாவாக வாங்கலாமா என்றால், கடைக்காரர் மகிழ்ச்சியோடு கொடுப்பார். வாங்கிய குழுவோ இரவு முழுதும் அதனருகில் நிற்க வேண்டியிருக்கும். மாவும் அண்டாவுமாகச் சேர்ந்து 70 கிலோ கனக்கும் ஒன்றைப் புளித்த பிறகு அசைத்தால், இரவெல்லாம் சேர்ந்த வாயு வெளியேறி மாவு படிந்துவிடும். அசைக்காமல் வைத்த இடத்திலேயே மொண்டு ஊற்றினாலும், மேலிருந்து கரண்டி உள்ளே போகுந்தோறும் அடிமாவு கலைந்து, கடைசி நூறு இட்லி சப்பையாகவே வரும். அதனினும் முதன்மையான காரணம் நேரம்: முதல் ஈடு வேகும்போது பதமாக இருந்த மாவு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கடைசி ஈட்டுக்கு வருகையில், கோடையாக இருந்தால் கடும் புளிப்பேறி இருக்கும்.

அதே மாவை நான்கு பாத்திரங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 14 லிட்டர் ஆகிறது. 35 லிட்டர்க் கொள்ளளவுள்ள எவர்சில்வர் தேக்சா நான்கு போதும். 36 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உடைய பாத்திரம் 36 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். அதில் 14 லிட்டர் மாவை ஊற்றினால் அடியிலிருந்து ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் உயரம் நிற்கும், புளித்தபின் 28 சென்டிமீட்டர் வரை எழும், விளிம்புக்குக் கீழே 8 சென்டிமீட்டர் வெற்றிடம் எஞ்சும். இந்த 8 சென்டிமீட்டர்தான் கோடையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கிவிட்டவரைக் காப்பாற்றுவது. பாத்திரமும் மாவுமாக 20 கிலோவுக்குள் அடங்குவதால் இருவர் இரு காதையும் பிடித்து அலுங்காமல் தூக்கிவிடலாம். நான்கையும் ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை: கடைசியில் அரைத்தது கடைசியில் புளிக்கும், கடைசியில் வேகும். சிறிய கிரைண்டரின் தாமதம் இங்கே ஓரளவு நன்மையாகவே மாறிவிடுகிறது.

சிறிய பாத்திரங்களுக்கு ஒரு குறையும் உண்டு. பெரிய அண்டா தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். 14 லிட்டர் மாவோ கார்த்திகைக் குளிரில் விரைவில் ஆறிவிடும். நான்கையும் சுவரோரம் நெருக்கி வைத்து, அடியில் மரப்பலகையும் மேலே சாக்கும் போர்த்தினால் இக்குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கோடையில் நேர்மாறாக, ஒன்றையொன்று தொடாமல் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மூடியை இறுக்கி அதன்மேல் கல்லை ஏற்றுவது எப்பருவத்திலும் வேண்டாத வேலை. வெளியேற இடமில்லாத வாயு பக்கவாட்டில் மாவையும் அழைத்துக்கொண்டுதான் வெளியேறும்.

பாத்திரத்தின் கொள்ளளவை அறிவதற்குக் கடைக்காரரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை. இப்பகுதியில் வீடுதோறும் இருக்கும் 20 லிட்டர் குடிநீர்க் கேனே போதுமான அளவுகோல். கேன் நீரைப் பாத்திரத்தில் ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, நீர் நிற்கும் இடத்தில் கத்தியால் கீறிக்கொண்டால், அப்பாத்திரத்துக்கு என்றும் உதவும் அளவுக் குச்சி கிடைத்துவிடுகிறது. கடையிலேயே கணக்கிட விரும்புவோர் விட்டத்தை விட்டத்தாலும் பின்பு உயரத்தாலும் சென்டிமீட்டரில் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும்; 40 சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பாத்திரம் 50 லிட்டர் கொள்ளும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றைக் கண்ணாலேயே மதிப்பிடலாம். கழுத்துக் குறுகிய தவலைக்கும் வயிறு பருத்த குண்டானுக்கும் இச்சூத்திரம் பொருந்தாது. புளிக்கவைக்க அவை ஏற்றவையும் அல்ல, ஏனெனில் குறுகும் கழுத்தில் மாவு எழும் உயரம் திடீரென்று கூடிவிடும்.

வேகவைக்கும் கட்டத்தில் அளவு என்பது லிட்டராக இல்லாமல் மணிக்கு இத்தனை இட்லி என்பதாக மாறுகிறது. ஒரு தட்டுக்கு 18 குழி வீதம் ஆறு தட்டு அடுக்கும் ஆவிப் பெட்டியில் ஓர் ஈட்டுக்கு 108 இட்லி வேகும். ஆவியில் வேகும் நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடந்தான் என்றாலும், தட்டை இறக்கி, ஆறவிட்டு, எடுத்து, துணி நனைத்து, மறுபடி ஊற்றி அடுக்குவதற்குள் ஈட்டுக்கு ஈடு இருபது நிமிடம் ஆகிவிடும். எனவே மணிக்கு 324 இட்லி. ஒரு பெட்டியைக் கொண்டு 1,200 இட்லி எடுக்க நான்கு மணி நேரம் வேண்டும். அடியார்கள் ஐந்து மணிக்கு வரிசையாக வந்து அமர்ந்து ஆறு மணிக்கு எழுந்து போவதில்லை. நடந்து வரும் கூட்டம் ஐந்திலிருந்து எட்டு வரை சிறுகச் சிறுக வந்துகொண்டிருக்கும். மணிக்கு 400 இட்லி சென்றால் வரிசை தேங்காது என்பதால், 108 இட்லிப் பெட்டி ஒன்றும் 54 இட்லிப் பெட்டி ஒன்றும் சேர்ந்தாலே இத்தேவை நிறைவேறும். இரண்டாவது பெரிய பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் கூடுதலாக ஒரு தொகுதித் தட்டு வாங்கினால், ஒரு தொகுதி வேகும்போதே மற்றொன்றில் மாவு ஊற்றி வைக்கலாம். ஈட்டுக்கு ஐந்து நிமிடம் குறைவதன் பயன் புதிய பெட்டிக்குக் குறைந்ததன்று.

பெட்டி பெரிதாகி அடுப்பு சிறிதாக இருந்தால் எல்லாம் வீண். வீட்டு எரிவாயு அடுப்பின் ஒரு பர்னர் 2 முதல் 3 கிலோவாட் அளவே வெப்பம் தரும். ஆறு தட்டையும் அடியிலுள்ள நீரையும் ஒருங்கே ஆவிநிலைக்குக் கொண்டுசெல்ல அதுபோல் இரு மடங்காவது வேண்டும். மேல்தட்டு இட்லி வெந்து அடித்தட்டு நீர்கோத்துப் போவதோ, எல்லாமே மணல்போல் இறுகுவதோ மாவின் குற்றமாக இல்லாமல் ஆவி போதாமையின் குற்றமாக இருக்கக்கூடும். 19 கிலோ வணிக சிலிண்டரும் அதற்குரிய பெரிய பர்னரும் இல்லாத குழு 54 இட்லிப் பெட்டி இரண்டோடு நிற்பதே விவேகம்.

வெந்த இட்லியைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருக்க வேண்டும். ஒரு சாணுக்கு மேல் குவித்தால் அடியில் இருப்பவை நசுங்கி, வியர்த்து, பிசுபிசுத்துப் போகும். துணி விரித்த மூங்கில் கூடை இதற்கு எவர்சில்வரை விடச் சிறந்தது என்பதை இங்குள்ள மூத்த சமையற்காரர்கள் நன்கறிவர்.

சாம்பாரைப் பொறுத்தவரை ஆளுக்கு 150 மில்லி என்றால் 45 லிட்டர். துவரம்பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் 65 லிட்டர்ப் பாத்திரம் வேண்டும். பருப்பைத் தனியே குக்கரில் வேகவைத்துச் சேர்ப்பவர்களுக்கு 55 லிட்டர் போதும். புளியும் புளித்த மாவும் அமிலத்தன்மை உடையவை என்பதால் அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுதும் தங்கக் கூடாது. பித்தளை அண்டா இருந்தால் ஈயம் பூசியது தேயாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்னிக்கு யாரும் பாத்திரம் தேடித் தவித்ததாகத் தெரியவில்லை.

கணக்கில் வராத மற்றோர் அளவு வாசற்கதவு. பழைய வாடகை வீடுகளின் பின்கட்டுக் கதவு இரண்டரை அடி அகலமே உடையதாக இருப்பதுண்டு. காதோடு சேர்த்து மூன்றடி அகலமுள்ள அண்டாவைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக முடியும், நிரம்பிய பிறகு சாய்த்து வெளியே கொண்டுவர முடியாது. தீப விழாவின்போது கிரிவலப் பாதையிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்க மாவட்ட நிர்வாகம் இசைவதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, குறித்த இடத்தில், சமைத்ததைக் கொண்டுவந்து வழங்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் மாநிலம் முழுவதும் தடை செய்யப்பட்டிருப்பதால் இலையும் தொன்னையும் சேர்ந்து வண்டியில் ஏற வேண்டும். ஆகவே சாம்பார் காய்ச்சும் பாத்திரமும் சாம்பார் பயணம் செய்யும் பாத்திரமும் வேறாக இருப்பது நல்லது: பின்னது இறுகிய மூடியுடன் 20 லிட்டருக்கு மிகாததாய், ஆட்டோவின் பின்னிருக்கைக்குக் கீழே நிற்கக்கூடியதாய் இருக்கட்டும்.

இட்லிக்கென்று வாங்கிய பாத்திரங்கள் ஆடியில் சும்மா கிடக்க வேண்டியதில்லை. அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் குழுவினருக்கும் இதே 35 லிட்டர்த் தேக்சாக்கள் பயன்படும். கேழ்வரகு மாவைக் கரைத்து ஓரிரவு புளிக்கவிட்டு, நொய்யோடு சேர்த்துக் களியாகக் கிண்டி, பின்பு நீரும் மோரும் விட்டுக் கரைப்பதே கூழ். அதில் அடுப்பில் ஏறுவது கெட்டியான களி மட்டுமே, கரைத்துப் பெருக்குவது இறக்கி ஆறவைத்த பிறகு. 100 லிட்டர் கூழ் வேண்டும் என்பதற்காக 100 லிட்டர் அண்டாவை அடுப்பில் ஏற்றுவோர் விறகையும் தோள்வலுவையும் வீணாக்குகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் களி கிண்டினால் போதும். கொதிக்கும் களி தெறித்துச் சுடும் என்பதாலும், துடுப்பைப் போட்டுக் கிண்ட இடம் வேண்டும் என்பதாலும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. அதனால் 33 லிட்டர்க் களிக்கு 35 லிட்டர்த் தேக்சா இரண்டு தேவைப்படும். அவை அடி கனத்தவையாகவும் இருக்க வேண்டும், மெல்லிய தகடாயின் அடிப்பிடித்துவிடும்.

வாங்குவதில் ஒரு வரிசை உண்டு. புளிக்கவைக்கும் நான்கு தேக்சாக்களை முதலில் சொந்தமாக வாங்குவது நல்லது. வாடகைப் பாத்திரத்தில் முந்தைய விருந்தின் எண்ணெய்ப் பிசுக்கும் மசாலா வாடையும் இருந்தால் அது மாவில் ஏறும், மேலும் பௌர்ணமிக்கு முந்தைய நாள் எல்லாக் குழுவும் ஒரே கடையில் ஒரே அளவைக் கேட்டு நிற்கும். அடுத்ததாக ஆவிப் பெட்டிக்குரிய கூடுதல் தட்டுகள். கிரைண்டரைச் சில மாதம் வாடகைக்கு எடுத்தோ, அண்டைக் குழுவோடு பகிர்ந்தோ ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கார்த்திகையைக் கடந்தபின் வாங்கலாம். வாங்கும்போது வீட்டு மின் இணைப்பு அந்த மோட்டாரைத் தாங்குமா என்று மின்பணியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாம்பார் அண்டாவை என்றென்றும் வாடகைக்கே எடுக்கலாம். ஐந்து குழுக்கள் ஒரே விட்டத்தில் தேக்சா வாங்குமாயின் ஒருவர் மூடி மற்றவர் பாத்திரத்துக்குப் பொருந்தும், ஒரே அளவுக் குச்சி ஐவருக்கும் உதவும், தீபத்தன்று ஒரு குழுவின் மாவு குறைந்தால் மற்றொரு குழுவின் தேக்சா அப்படியே அங்கே போய்ச் சேரும். ஆனியிலேயே இதைக் கூடிப் பேசி 36 சென்டிமீட்டர் என்று முடிவு செய்துகொண்டால், ஆடிக் கூழுக்கு முன் பாத்திரங்கள் வந்து சேர்ந்துவிடும்.